வேலூர் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஏற்ற பசுமைப் பழக்கங்கள்

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படும் பழக்கங்களில் பலவும் பெங்களூரு மாதிரி மிதமான ஊருக்கு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தால் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒத்துவராது. இங்கே மார்ச் பிறந்ததுமே காற்று காய ஆரம்பிக்கும், கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பல தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சமையலறைக் குப்பையை மக்கவைக்கும் உர வாளி காய்ந்து நின்றுபோவதும், ஆர்.ஓ. குடிநீர்க் கருவியின் கழிவுநீரை ஊற்றிய செடி கருகுவதும் இதனால்தான். அதற்குப் பிறகு "இதெல்லாம் நம்ம ஊருக்கு சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். சரிப்படும், அளவையும் இடத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பத்துப் பழக்கங்களை ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பொங்கலுக்குத் தொடங்கியது சிவராத்திரிக்குள் நின்றுவிடும். சமையலறை ஈரக் குப்பையைப் பிரிப்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரும் மீன் தண்ணீரும் படாமல் இருந்தால்தான் பால் கவர், அட்டை, பாட்டிலை எல்லாம் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்குவார். ஈரம் தனியாகிவிட்டால் மீதிக் குப்பையில் பெரும்பகுதி தானாகவே சுத்தமாகிவிடும்.

உர வாளி

நாலு பேர் உள்ள வீட்டில் காய்கறித் தோல், டீத்தூள், மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். அதற்கு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் மூன்று போதும். எமல்ஷன் இருந்த பக்கெட்டாகப் பார்த்து வாங்கி நன்றாகக் கழுவுங்கள், ஆயில் பெயின்ட் இருந்தது வேண்டாம். பக்கவாட்டில் பென்சில் தடிமனுக்கு மூன்று வரிசை ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை நாலு விரற்கடை இடைவெளி. அடியில் ஐந்தாறு ஓட்டை. கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்டிக் புகை வரும், டிரில் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. வாளியை இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். செங்கல் இல்லாவிட்டால் அடி ஓட்டைகள் தரையோடு ஒட்டி அடைந்துகொள்ளும், காற்று உள்ளே போகாது, நாற்றம் அங்கேதான் தொடங்கும்.

அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய் நார் அல்லது காய்ந்த சருகு. அதன்மேல் அன்றன்றைய குப்பை. பெரிய துண்டுகளை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் இரண்டு வாரம் முன்னதாகவே மக்கும். ஒவ்வொரு முறையும் குப்பை எவ்வளவோ அதே அளவு, அதாவது ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிண்ணம், நொறுக்கிய சருகோ நார்த்தூளோ மேலே மூடும்படி போடுங்கள். தர்பூசணித் தோல், பூசணிக் குடல் மாதிரி தண்ணீர் நிறைந்தது போட்ட நாளில் இரண்டு கிண்ணம். தொடங்கும்போது மட்டும் இரண்டு கைப்பிடி பழைய சாணமோ, ஒரு டம்ளர் புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் பாக்கெட் கலவைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரே சோதனை போதும். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். களி உருண்டை போல நின்று, விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

வேலூரில் பெரும்பாலும் உதிரும். ஏப்ரல், மே மாதங்களில் வாளியை மொட்டை மாடியில் வைப்பது பெரிய தவறு. மூன்றே நாளில் உள்ளே இருப்பது காய்ந்த வற்றலாகிவிடும். காய்ந்தது மக்காது, எறும்பு கூடு கட்டும். மாடிப்படிக்கு அடியிலோ வடக்குப் பக்கச் சுவர் ஓரமோ வைத்து, வாளியைச் சுற்றி நனைத்த சாக்கைக் கட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீர் தெளியுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் இதற்கு நல்லது. கோடையில் சருகு அளவையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் கதை தலைகீழ். மூடி சரியாக இல்லாவிட்டால் சாரல் இறங்கி வாளி சேறாகிவிடும்.

கோளாறு வந்தால் மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் அதிகம், காற்றில்லை. கிளறி, இரண்டு கிண்ணம் சருகு போட்டு, ஒரு நாள் மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். மூக்கைச் சுள்ளென்று அடிக்கும் வாடை என்றால் பருப்பு போன்ற தழைச்சத்து மிகுந்தவை கூடிவிட்டன, அதற்கும் மருந்து சருகுதான். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பழுப்பு நிறத்தில் தட்டையாக நெளியும் தடித்த புழுக்களைப் பார்த்து வாளியையே தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அவை கருப்புப் படைவீரன் ஈ என்ற பூச்சியின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை மற்ற எதையும்விட வேகமாகத் தின்னும். பிடிக்கவில்லையென்றால் ஈரத்தைக் குறையுங்கள், மேலே எப்போதும் சருகு மூடியிருக்கட்டும், குறைந்துவிடும்.

எலும்பு, இறைச்சி, எண்ணெய் மிதக்கும் குழம்பு போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் என்றால் சோற்றை மட்டும் ஒரு கைப்பிடி, பரப்பிப் போட்டு மூடலாம். எலும்பு போட்டால் பெருச்சாளி வந்து வாளியை உருட்டும். மாங்கொட்டை, தேங்காய் ஓடு, இளநீர் மட்டை எல்லாம் இந்தச் சின்ன வாளியில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். சில டீ பேக்குகளில் பிளாஸ்டிக் இழை இருப்பதால் பிரித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள்.

முதல் வாளி நிறைய மூன்று வாரம் போல ஆகும். அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவது நிறையும் நேரத்தில் முதல் வாளியில் இருப்பது மூன்றில் ஒரு பங்காக இறங்கி, கருத்து, மழை பெய்த மண்வாசனை அடிக்கும். அதைச் சாக்கில் கொட்டி நிழலில் இன்னும் இரண்டு வாரம் ஆறவிட்டுச் சலியுங்கள். சல்லடையில் நின்றது அடுத்த வாளிக்கு விதையுரம். ஆறாத உரத்தைச் செடிக்குப் போட்டால் இலை மஞ்சளாகும், "உரம் போட்டேன் செடி செத்துவிட்டது" என்பதில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

தொட்டிக்கு ஒரு பங்கு உரம், இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நார்த்தூள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நம் வேலூர் மாவட்டத்துப் பயிர், 15 அங்குலப் பையில் ஒரு செடி வீதம் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி உரம் கொடுத்துப் பாருங்கள். பறிக்கும்போது காம்பில் இருக்கும் முள்ளைக் கவனியுங்கள், பெயருக்கு மட்டும் வைத்த முள் இல்லை அது.

எரிக்கக் கூடாதவை

மாசி, பங்குனியில் வேப்பமரமும் புங்கமரமும் இலை கொட்டும். காலை ஆறரைக்கு ஒவ்வொரு தெருவிலும் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பார்கள், பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை வெளியில் எரிக்கக் கூடாது என்கின்றன. அதைவிட முக்கியம், அந்தச் சருகுதான் உங்கள் வாளிக்கு வருஷம் முழுக்கத் தேவைப்படுவது. நாலைந்து அரிசிச் சாக்கில் அடைத்து மழை படாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த தை வரை கவலை இல்லை. வேப்பஞ்சருகு மட்டும் போட்டால் மக்குவது கொஞ்சம் மெதுவாகும், புங்கனோ வாழைச் சருகோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். போகிக்குப் பழைய பாயும் துடைப்பமும் எரித்தது ஒரு காலம். இப்போது பாய் என்று இருப்பதே பிளாஸ்டிக்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஷூ அப்பர் தைக்கும் வீடுகளில் மிஞ்சும் தோல் வெட்டுத் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பது வழக்கம். நன்றாக எரியும், உண்மைதான். ஆனால் குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் எரியும்போது அந்தக் குரோமியம் நச்சு மிகுந்த வடிவத்துக்கு மாறிப் புகையிலும் சாம்பலிலும் சேரும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்ப்பதோ, செடிக்குப் போடுவதோ கூடவே கூடாது. உர வாளியிலும் போட வேண்டாம். மக்காமல் இருப்பதற்கென்றே பதனிட்ட பொருள் அது. வேலை கொடுத்தவரிடமே துண்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்.

பீடி சுற்றும் வீடுகளில் வெட்டி எறியும் இலைத் துண்டுகள் நல்ல சருகு, ஒரு இரவு நனைத்துப் போடலாம். புகையிலைத் தூளை மட்டும் சேர்க்காதீர்கள். அதில் தங்கியிருக்கும் தேமல் நோய்க் கிருமி தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தொற்றும்.

காய்ந்த குப்பையில் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், ஓரம் ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டு எந்த இயந்திரத்திலும் பிடிபடாமல் சாக்கடையில்தான் போய்ச் சேரும். கவரை ஒரு முறை அலசிக் கொடியில் காயப்போட்டால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது ஊசி. சிகிச்சைக்காக வெளியூர்க்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் ஊர் இது, இன்சுலின் போடும் வீடுகளும் நிறைய. ஊசிகளைக் காலி ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி, மேலே சிவப்பு மையால் "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். கவரில் போட்டால் குத்துப்படுவது குப்பை பிரிக்கும் அம்மாவின் கை.

கடைக்குப் போகும்போது

ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கவர் கிடைப்பது நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். மஞ்சப்பையை மறக்காமல் இருக்க ஒரே வழி, அதை வீட்டில் வைக்காமல் வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டு வைத்துவிடுவது. "துணிப்பை" என்று ஜவுளிக்கடையில் கொடுக்கும் பலவும் துணி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவுமாக நூல் தெரிந்தால் துணி, புள்ளி புள்ளியாக அழுத்திய தாள் மாதிரி இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான்.

கறிக் கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள். கடைக்காரர் தயங்குவது எடைக்காகத்தான். "அண்ணே, காலி டப்பாவைத் தராசில் வெச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்க" என்றால் விஷயம் முடிந்தது, மின்னணுத் தராசு எல்லாவற்றிலும் அந்தப் பொத்தான் உண்டு. பிரியாணிக்கு வாய் அகலமான டிபன் கேரியர். கத்தரிக்காய்த் தொக்குக்கும் வெங்காயத் தயிருக்கும் தனித்தனியாகச் சின்ன டப்பா இரண்டு. இந்த இரண்டை மறந்துவிட்டுப் போவதால்தான் கடைசியில் கையில் இரண்டு கவரோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆர்.ஓ. கழிவுநீர்

முதலில் ஆர்.ஓ. வேண்டுமா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை (டிடிஎஸ்) அளக்கும் மீட்டர் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. உங்கள் தெருவில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் மீட்டரில் 500க்குக் கீழே காட்டினால் கொதிக்கவைத்துக் குடிப்பதோ, புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. கருவியோ போதும்.

மீட்டருக்கு ஒரு எல்லை உண்டு. உப்பு மொத்தமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும், குரோமியமா புளோரைடா கிருமியா என்று சொல்லாது. பாலாற்றுப் பக்கம் தோல் கழிவால் நீர் கெட்ட கதை 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு முறை முழுசாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஆர்.ஓ. தேவைதான் என்றால், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர் வெளியே போகும். கழிவுக் குழாயை சிங்க்கில் விடாமல் 20 லிட்டர் கேனில் விடுங்கள். அதைச் செடிக்கு ஊற்றலாம் என்று பலர் எழுதுகிறார்கள், இந்த ஊரில் அது சரியில்லை. கணக்கைப் பாருங்கள். 800 டிடிஎஸ் தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போய், 60 டிடிஎஸ்ஸில் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மீதி இரண்டு லிட்டரில் டிடிஎஸ் 1,170. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சில மாதங்களில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும், இலை நுனி கருகும். தரையில் இருக்கும் தென்னை தாங்கும், தொட்டிச் செடி தாங்காது. தரை துடைக்க, கழிவறைக்கு, மிதியடி அலச, வண்டியின் முதல் கழுவலுக்கு என்று ஒதுக்கினால் ஒரு நாள் கேன் மாலைக்குள் காலியாகிவிடும். தொட்டிக்கு அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரே போதும். ஏசியிலிருந்து சொட்டுவதையும் ஊற்றலாம், அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. காற்று காய்ந்த சித்திரையில் அது கொஞ்சம்தான் வரும், ஆவணிக்குப் பிறகு வாளி நிறையும்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் போல. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். ஹாலில் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். மேல்மாடி வீடு என்றால் மாசி மாதத்திலேயே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரைப் பூச்சோ இரண்டு கை அடித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் ஏசியை 20ல் வைத்துப் பிரயோஜனமில்லை.

மழைக்கு முன்னால்

2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் வேலை செய்யாமல். குழாய் உடைந்திருக்கும், இல்லையென்றால் முற்றத்துக்கு டைல்ஸ் போட்டபோது தொட்டியையே மூடியிருப்பார்கள். புதிதாகக் கட்டுமுன் பழையதைத் தேடுங்கள்.

ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழையில் 4,650 லிட்டர் விழும், சிதறல் போக 3,700 லிட்டர் பிடிக்கலாம். இறக்கக் குழாயில் ஒரு 'டி' இணைப்பும் வால்வும் போட்டு, முதல் பத்து நிமிஷத் தண்ணீரைத் தெருவுக்கு விடுங்கள். புறா எச்சமும் புழுதியும் அதில்தான் வரும். மீதி வடிகட்டும் குழிக்கு. மூன்றுக்கு மூன்றடி, ஆழம் ஐந்தடி. அடியில் 40 மி.மீ. ஜல்லி இரண்டடி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி ஓரடி, ஒரு நைலான் வலை, அதன்மேல் ஆற்று மணலோ சலித்த எம்-சாண்டோ ஓரடி. மேலே ஓரடி காலியாக இருக்கட்டும். வலையை விட்டுவிட்டால் இரண்டு மழையில் மணல் முழுக்க ஜல்லிக்குள் இறங்கிவிடும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி, செப்டிக் டேங்க்கிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் தோண்டுங்கள்.

பாறை சீக்கிரம் தட்டும் மண் இது. குழியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் குழியை ஆழப்படுத்துவதில் பயனில்லை. வற்றிய திறந்த கிணறு வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் வடிகட்டிய தண்ணீரை அதற்குத் திருப்புங்கள், அதைவிடச் சிறந்த குழி கிடையாது. வடிகட்டாத மாடித் தண்ணீரை நேராக போர் குழாய்க்குள் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சேறு இறங்கி ஊற்றுக்கண் அடைத்தால் மீட்பது கடினம், மாடியின் அசுத்தமும் நேராக நிலத்தடிக்கே போய்ச் சேரும்.

ஆடியிலிருந்தே இங்கு மாலை இடிமழை உண்டு, ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். ஆனி கடைசியில் மொட்டை மாடியைக் கூட்டி, குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவி, குழி மணலில் மேலாக இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போடுங்கள். சுரண்டிய வண்டலைத் தொட்டி மண்ணோடு கலந்துகொள்ளலாம்.